ஒரே பெயரில் இரண்டு குழந்தைகள்

என் சித்தி அட்ராக்டா பதினாறு வருடமாக எங்கள் பங்குக் கோவில் அலுவலகத்தில் இருக்கிறார். செவ்வாயும் வியாழனும் மட்டும்தான் வேலை. கோடை வந்துவிட்டால் மூதாதையரைத் தேடி அமெரிக்கர்கள் எங்கள் மேயோ மாவட்டத்துக்கு வருவார்கள். அவர்களுக்காகச் சித்தி ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டுவார். கையைக் கழுவித் துடைத்த பிறகுதான் பதிவேட்டைத் தொடுவார். உறுதியாகத் தெரியாத எதையும் சொல்லமாட்டார். ஊரார் இதைக் கேலி செய்வார்கள்.

"நாலு சுவரு நின்னா போதும், அட்ராக்டா. இதுதான் உங்க தாத்தா வீடுன்னு காட்டிடு. நல்லா அழுதுட்டு சந்தோஷமா போயிடுவாங்க" என்பார் பக்கத்து வீட்டு மாலகி.

"நீ ஆடு விக்கிறப்ப சொல்ற பொய்யே இந்த ஊருக்குப் போதும்" என்பார் சித்தி.

போன மார்ச்சில் பென்சில்வேனியாவிலிருந்து லோரெய்ன் என்ற பெண் எழுதியிருந்தார். அவருடைய அப்பா பெர்னார்டுக்கு எண்பத்தெட்டு வயது. இதயம் இந்த வருடத்தைத் தாங்காது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். பெர்னார்டின் அம்மா ஹானர் மன்னெல்லி எங்கள் ஊரில் பிறந்து, பதினெட்டு வயதில் கப்பலேறியவர். மகனுக்கு ஒன்பது வயதானபோது இறந்துபோனார். அம்மா பிறந்த வீட்டு வாசலில் ஒரு தடவை நிற்க வேண்டும் என்பதுதான் பெர்னார்டின் ஆசை.

சித்தி தேடினார். ஒரே வசந்தத்தில் இரண்டு ஹானர் மன்னெல்லிகளுக்கு ஞானஸ்நானம் நடந்திருந்தது. இருவருக்கும் அப்பா பெயர் பேட்ரிக், அம்மா பெயர் மேரி. எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டி பெயரைத்தான் வைப்பார்கள். அதனால் பங்காளி வீடுகளில் அதே பெயர்கள் சுற்றிச் சுற்றி வரும். தலைமுடியின் நிறத்தைப் பார்த்து ஊரார் ஒருவரைக் கருப்பு பேட்ரிக் என்றும் மற்றவரைச் சிவப்பு பேட்ரிக் என்றும் அழைத்தார்கள். ஊருக்கே தெரிந்ததை எழுதுவானேன் என்று அன்றைய பங்குத்தந்தை அதைப் பதிவேட்டில் குறிக்காமல் விட்டுவிட்டார். இரண்டு பெண்களும் ஒரே வருடம் அமெரிக்கா போனார்கள். பெர்னார்டின் அம்மா இவர்களில் யார் என்று கேட்க இரண்டு குடும்பத்திலும் இன்று யாரும் இல்லை. கருப்பு பேட்ரிக்கின் வீட்டுச் சுவர்கள் மட்டும் நிற்கின்றன. சிவப்பு பேட்ரிக்கின் வீடு இருந்த நிலத்தில் அரசாங்கம் ஊசியிலை மரங்களை நட்டுவிட்டது.

இதையெல்லாம் சித்தி லோரெய்னுக்கு எழுதினார். ஜூனில் அவர்கள் வந்தார்கள். அலுவலக வாசலிலேயே லோரெய்ன் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பாகிட்ட நான் எதையும் சொல்லலை. நிக்கிற வீட்டைக் காட்டிடுங்க, ப்ளீஸ்."

சித்தி கையை விடுவித்துக்கொண்டு காரில் ஏறினார். நான்தான் காரை ஓட்டினேன். கருப்பு பேட்ரிக்கின் வீட்டருகே மாலகி காஞ்சொறிச் செடிகளை வெட்டி வழி பண்ணி வைத்திருந்தார்.

"வாங்க சார், வாங்க! உங்கம்மா பொறந்த வீடு இதுதான். அடுப்பு அந்த மூலையில இருந்துச்சு."

சக்கர நாற்காலியில் இருந்தபடியே பெர்னார்ட் சுவரில் உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம் கையை எடுக்கவே இல்லை. பிறகு சித்தியைப் பார்த்தார்.

"பதிவேட்டைப் பார்த்தது நீங்கதானே. இதுதானாம்மா?"

லோரெய்ன் சித்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலைங்க ஐயா" என்றார் சித்தி. "இதுவா இருக்கலாம். ரோட்டுக்கு அந்தப் பக்கம், அந்த மரங்களுக்கு அடியில போனதாவும் இருக்கலாம். மூணு மாசமா தேடிட்டேன்."

பெர்னார்ட் சுவரிலிருந்து கையை எடுத்தார்.

"அப்ப அங்கயும் போவோம்."

மரங்களுக்கு முன்னால் தண்ணீர் நிறைந்த பள்ளம், அதற்கப்பால் கம்பி வேலி. நானும் மாலகியும் நாற்காலியைத் தூக்கிப் பார்த்தோம். சக்கரம் சேற்றில் புதைந்தது. கிழவரின் உதடு நீலமானதும் லோரெய்ன் கத்தி எங்களை நிறுத்தினார். தூறலில் அவரைச் சாலைக்கே திருப்பிக் கொண்டுவந்தோம். அவர் மரங்களைப் பார்த்தார். திரும்பிச் சுவரைப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் பார்க்கணும், லோரெய்ன்?" என்று மகளிடம் கேட்டார்.

அவரைக் காரில் ஏற்றிக் கதவைச் சாத்திய பிறகு லோரெய்ன் சித்தியிடம் வந்தார்.

"ஆமான்னு ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சிருக்கும்?"

சித்தி நனைந்துகொண்டே நின்றார்.

"எனக்குத் தெரியலையேம்மா" என்றார்.