சூசைதாசன் கிழித்த தாள்

1987 ஜனவரி 13, செவ்வாய்க்கிழமை. விடிந்தது முதல் பனி கொட்டியது. பிற்பகலில் இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்தில் வீதி எது, வயல் எது என்று பிரித்தறிய இயலவில்லை.

மார்கேற் மருத்துவமனையில் நண்பர் ஒருவரைப் பார்த்துவிட்டு லண்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த சூசைதாசனும் அவர் மனைவியின் தம்பி பெனடிக்ற்றும், பனியில் புதைந்த காரை விட்டிறங்கி, ஒரு சிற்றூரில் இரவு தங்க இடமும் காலை உணவும் உண்டு என்று ‘பெட் அன்ட் பிரேக்ஃபாஸ்ட்’ பலகை தொங்கிய வீட்டின் கதவைத் தட்டினர்.

யாழ்ப்பாணத்துக் குருநகரில், கூட்டுறவுச் சங்கக்கடையில் பதினாறு ஆண்டுகள் முகாமையாளராக இருந்தவர் சூசைதாசன். ஏழு மாதங்களாக லண்டன் அப்டன் பார்க்கில் பெனடிக்ற்றின் வீட்டில் இருந்தார். அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. அந்த முகவரியிலன்றி வேறெங்கும் தங்கக்கூடாது என்று குடிவரவு அலுவலகம் எழுத்தில் கொடுத்திருந்தது. இவரைத் திருப்பியனுப்பிவிட்டால், ஊரில் காத்திருக்கும் மனைவி றோஸ்மலரும் இரண்டு பெண்பிள்ளைகளும் இங்கே வந்துசேர வழியே இல்லை.

வீட்டுக்கார அம்மையார் தடித்த புத்தகம் ஒன்றை விரித்து, பெயரும் ஊரும் எழுதச் சொன்னார். சூசைதாசன் பேனாவைத் தொடவில்லை. கொழும்பில், கொட்டாஞ்சேனை லொட்ஜில் தங்கியிருந்தபோதும் இப்படித்தான் ஓர் ஏட்டில் எழுதிக் கொடுத்தார். ஒருநாள் பொலிசார் வந்து, அந்த ஏட்டிலிருந்து பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து, அடுத்த அறை யோகராஜாவைக் கொண்டுபோயினர். அவர் திரும்பவேயில்லை.

“தம்பி, இது பொலிசுக்குப் போற புத்தகமோ?”

“வந்த ஆக்கள் எழுதிப்போட்டுப் போற புத்தகம், அத்தான். எழுதுங்கோ. உங்கட கையெழுத்தை எந்தப் பொலிசாலும் வாசிக்க ஏலாது.”

எழுதினார். அறைக் கதவுக்குப் பூட்டில்லை என்று கண்டதும் நாற்காலியைக் கொண்டுவந்து முட்டுக்கொடுத்தார்.

“ஆர் அத்தான் வரப்போறான்? இந்தப் பனிக்குள்ள பேயும் வெளிக்கிடாது!” என்று பெனடிக்ற் சிரித்துவிட்டுத் தூங்கிப்போனான். சூசைதாசன் தூங்கவில்லை.

காலையில் சன்னலைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். முழங்காலளவு பனியை மிதித்துக்கொண்டு, தொப்பியணிந்த பொலிஸ்காரர் ஒருவர் அந்த வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

சூசைதாசன் படியிறங்கி ஓடினார். கூடத்தில் எவருமில்லை, சமையலறையில் எதுவோ பொரிந்துகொண்டிருந்தது. புத்தகத்தைத் திறந்து, தம் பெயரிருந்த தாளைக் கிழித்துக் கணப்பு நெருப்பில் போட்டார். அது கருகிச் சுருண்ட பின்னரே மூச்சுவிட்டார்.

பொலிஸ்காரர் சப்பாத்திலிருந்த பனியை உதறிவிட்டு அமர்ந்து தேநீர் கேட்டார். நண்பகலுக்குள் வீதி திறந்துவிடும், காரை இழுக்க உழவு இயந்திரம் வரும் என்று அம்மையாரிடம் சொல்லவே வந்திருந்தார். பெனடிக்ற் கணப்பருகில் குளிர்காய்ந்தபடி அதைத் தமிழில் விளக்கியபோது, சூசைதாசன் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

உணவு முடிந்ததும் அம்மையார் புத்தகத்துடன் வந்தார்.

“தங்கியதைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டுப் போங்கள். கோடையில் வந்தவர்கள் எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார்கள், பாருங்கள்!”

பக்கங்களைப் புரட்டிய அவர் கை நின்றது. தாள் இருந்த இடத்தில் கிழிந்த ஓரம் மட்டுமே இருந்தது. அவர் கணப்பை நோக்கினார். பின்னர் அதனருகில் நின்ற பெனடிக்ற்றை நோக்கினார்.

“அத்தான், இவ என்னை எல்லோ சந்தேகப்படுறா! நான் ஏன் இந்தப் புத்தகத்தைத் தொடுறன்? நீங்கள் ஏதும் கண்டனீங்களோ?”

பொலிஸ்காரர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். பெனடிக்ற்றை மேலும் கீழும் பார்த்தார். அவர் கை சட்டைப்பையிலிருந்த குறிப்பேட்டை நோக்கிச் சென்றது. சூசைதாசன் அந்தக் கையையே பார்த்தார். வாய் திறந்தால் தம் பெயர் அந்தக் குறிப்பேட்டில் ஏறும். அங்கிருந்து எங்கெங்கு போகும் என்பதை யாரறிவார்? வாய் மூடினால் பெனடிக்ற்றின் பெயர் ஏறும்.

“இதைக் கிழித்தது யார்?” என்று பொலிஸ்காரர் கேட்டார்.

சூசைதாசன் எழுந்து நின்று, தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்: “நான்தான், சேர்.”