தரிசில் பிடுங்கிய கன்றுகள்

எங்கள் பள்ளிக்குப் பின்னால் ஒரு புல்வெளி. கிராமக் கணக்கில் அதற்குப் பெயர் தரிசு. கோடியக்கரைப் பக்கத்து வெளிமான்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அவை பாட்டுக்கு வந்து மேய்ந்துகொண்டிருந்தன.

நான் வயல்வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு வெறும் நிலத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது, எதையாவது நட்டாக வேண்டும். ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில் நானும் அதைத்தான் செய்தேன். பிள்ளைகளைக் கூட்டிப்போய் வெளியின் மேற்குப் பாதி முழுக்கச் சவுக்கு நட்டேன். காடு வளர்ந்தால் மான் பெருகும் என்று மைக்கில் வேறு பேசினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

சவுக்கு ஆள் உயரம் தாண்டியது, அடியில் புல் செத்தது. வெளிமானுக்குக் கண்ணும் காலும்தான் காவல். தூரத்திலேயே நாயைப் பார்த்துவிட்டால் ஒரே ஓட்டம், எந்த நாயும் அதைப் பிடிக்காது. மரங்கள் மறைத்தால் என்ன தெரியும்? ஒருநாள் காலையில் தோப்போரம் நாய்கள் குதறிப்போட்ட மான்குட்டியைப் பார்த்தேன். அதன் பிறகு மேற்குப் பக்கம் மான்கள் வரவேயில்லை. புள்ளிமானாக இருந்தால் மரத்தடியில் பிழைத்திருக்கும். இதற்கு வெட்டவெளிதான் வீடு, அந்த வீட்டை அடைத்தவள் நான். வெட்கத்தில் இதை யாரிடமும் சொல்லவில்லை.

போன ஐப்பசியில் பயிற்சி வகுப்புக்காக ஒரு வாரம் தஞ்சாவூர் போயிருந்தேன். திரும்பி வந்தால், மிச்சமிருந்த கிழக்குப் பாதியிலும் புங்கன் கன்றுகள் வரிசையாக நிற்கின்றன. தலைமையாசிரியர் நட்டிருந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. மழை ஈரம் காயும் முன்னே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். நாற்று பறித்த கை இது. வேர் அறாமல் எடுக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

தலைமையாசிரியர் ஓடி வந்தார்.

“டீச்சர், என்ன பண்றீங்க? மரத்தைப் புடுங்குறது பாவங்க.”

“பாவத்தை அப்பவே பண்ணிட்டேன் சார். அந்தா நிக்குது பாருங்க, சவுக்கு.”

“நான் மேல எழுத வேண்டியிருக்கும்.”

“எழுதுங்க. கன்னு எல்லாத்தையும் வாய்க்கால் கரையில நடப்போறேன், அதையும் சேர்த்து எழுதுங்க. ஒரு எடத்துல பறிச்சு இன்னொரு எடத்துல நடுறதுதானே எங்க வேலை.”

அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். மான்கள் தள்ளி நின்று என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கின. கன்றுகளை முடிச்சு முடிச்சாகக் கட்டிக் கரைக்குக் கொண்டுபோக இரண்டு நாளானது.

சொன்னபடியே எழுதிவிட்டார். பள்ளியின் பசுமையைக் கெடுத்துவிட்டேனாம். கல்வி அலுவலகத்திலிருந்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வருத்தம் தெரிவித்துக் கடிதம் கொடுத்தால் நடவடிக்கை இல்லாமல் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள்.

அங்கேயே உட்கார்ந்து கடிதம் எழுதினேன். மேற்குப் பாதியில் சவுக்கு நட்டதற்காக மனப்பூர்வமாக வருந்துகிறேன், அதை வெட்ட அனுமதி வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.