சொரக்காயில நான் போட்ட உப்பு

அம்மா உப்பளத்துல மயங்கி விழுந்தப்ப நான் நாலாங்கிளாஸ் முடிச்சிட்டு முழாண்டு லீவுல இருந்தேன். தலையில உப்புக்கூடையோட வரப்புல வந்துட்டு இருந்துச்சாம், அப்படியே சரிஞ்சிடுச்சாம். ஆஸ்பத்திரியில பிரஷர் ரொம்ப ஏறியிருக்குன்னு சொல்லியிருக்காங்க. நர்சம்மா அப்பாவ தனியா கூப்ட்டு, சாப்பாட்டுல உப்ப நல்லா கொறைக்கணும், கருவாடு ஊறுகாயெல்லாம் தொடவே கூடாது, காய் நெறைய குடுங்க, இல்லன்னா கை கால் இழுத்துக்கும்னு பயமுறுத்தி அனுப்பியிருக்காங்க. இதெல்லாம் எனக்கு பின்னாடி தெரிஞ்சது. அன்னைக்கு என்கிட்ட சொன்னது, "அம்மாவுக்கு வெயில் ஒத்துக்கல பாப்பா," அவ்ளோதான்.

மறுநாள்லேர்ந்து அப்பா அடுப்பாண்ட வந்துட்டாரு. விடியறதுக்குள்ள போயி உப்பு வாரிட்டு பத்து மணிக்கு வீட்டுக்கு வருவாரு. வரும்போது மஞ்சப்பையில காய் இருக்கும். அதுவரைக்கும் எங்க வீட்டுல காய்னா சாம்பார்ல ரெண்டு கத்திரிக்கா, அதையும் நான் ஓரமா ஒதுக்கிடுவேன். மீன் இல்லன்னா கருவாடு, அப்படித்தான் ஓடிச்சு.

அப்பா பண்ணதெல்லாம் யாரும் சொல்லிக் குடுத்தது இல்ல. சொரக்காய வேக வச்சு, வேர்க்கடலைய வறுத்து இடிச்சு மேல தூவுவாரு. பீர்க்கங்கா தோல கூட வுட மாட்டாரு, புளி வச்சு தொவையல் அரைச்சிடுவாரு. வாழக்காய மீன் துண்டு மாதிரி அரிஞ்சு மொளகாத்தூள் தடவி தோசக்கல்லுல போடுவாரு. எல்லாத்துக்கும் கடைசியில எலுமிச்சம்பழம், இல்லன்னா பச்ச மாங்கா. ஒரு நாளு பீட்ரூட்ட துருவி தோச மாவுல கலந்துட்டாரு. பக்கத்து வீட்டு அத்தை, அப்பாவோட அக்கா, எட்டிப் பாத்துட்டு, "டேய், யார வெட்டுன? தோச இப்டி செவந்து கெடக்குது!"ன்னு கத்துச்சு. அப்பா திரும்பாமலே, "உன் வூட்டுக்காரரத்தான்"னாரு.

எனக்கு ஒரே ஆச்சரியம். பக்கத்துலயே குந்திக்கினு பாப்பேன். எல்லாம் போடறாரே, உப்பு மட்டும் ஏன் போட மாட்டேங்கறாரு? வாசப்படி ஓரமா எப்பவும் உப்பு சாக்கு ஒன்னு கெடக்கும். அத வேற காணோம். மறந்துட்டாரு போலன்னு நெனச்சேன். ஆம்பளைக்கு இன்னா தெரியும்?

அதெல்லாம் நடந்து வருஷமாச்சு. போன மாசியில அம்மா போயிடுச்சு. காய்ச்சல்னு படுத்துச்சு, எட்டு நாளு, அவ்ளோதான். இப்பவும் அப்பாதான் சமைக்கிறாரு. மூணு பேருக்கு அளவு வச்சிட்டு அப்புறம் முழிக்கிறாரு.

அப்பா சமைச்ச அந்த மொத நாளு அம்மா ரெண்டு வாய் சாப்ட்டு தட்ட தள்ளி வச்சிடுச்சு. ரெண்டாவது நாளும் அப்படித்தான். ஏற்கனவே ஒடம்பு சரியில்லாதது, இப்படி சாப்டாம இருந்தா இன்னும் மெலிஞ்சிடுமேன்னு எனக்கு பயம். மூணாவது நாளு அத்தை வீட்டுக்கு ஓடிப்போயி, "ஒரு கை உப்பு குடு அத்தை"ன்னேன்.

"அடிப்பாவி! ஊருக்கே உப்பு வாரிக் கொட்றான் உங்கப்பன். அவன் வூட்டுல உப்பு இல்லியா?"ன்னு சிரிச்சுக்கினே குடுத்துச்சு. அத்தைக்கும் விஷயம் தெரியாது. அதுக்கு தெரிஞ்சா எக்கியார்குப்பம் வரைக்கும் தெரிஞ்சிடும்னு அப்பா சொல்லவே இல்ல.

சமைச்சு எறக்கி வச்சிட்டு அப்பா பைப்படிக்கு குளிக்கப் போவாரு. அந்த நேரத்துல சொரக்கா சட்டியில உப்ப போட்டு நல்லா கலக்கி வுட்டேன். அப்பா காய எங்க ரெண்டு பேருக்கே வச்சிட்டு, மோர் ஊத்தி தின்னுட்டு எழுந்துடுவாரு. அன்னைக்கு அம்மா ரெண்டாவது தடவ சோறு வாங்கிச்சு. அப்பா மொகத்த பாக்கணுமே! "வேர்க்கடல போட்டேன் இல்ல, அதான்,"னாரு. அன்னைலேர்ந்து தெனமும் நான் போட்டேன், தெனமும் அப்பா பேர் வாங்குனாரு.

ஒரு நாளு கையில உப்போட திரும்பறேன், பாயில படுத்திருந்த அம்மா கண்ண தொறந்து என்னையே பாத்துட்டு இருக்குது. நான் அப்படியே நின்னுட்டேன். அம்மா மெதுவா அந்தப் பக்கம் திரும்பி படுத்துக்கிச்சு. போடுன்னு சொல்லுதுன்னு நானே நெனச்சுக்கினு போட்டுட்டேன்.

பத்து நாளு கழிச்சு மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு போயிட்டு வந்தாங்க. அப்பா மொகமே சரியில்ல. வந்ததும் வராததுமா பானைய உருட்டறாரு, கூரையில கையவுட்டு தேடறாரு. "எங்கடி ஒளிச்சு வச்சிருக்க கருவாட்ட? நான் ஒரு கல்லு உப்பு கூட போடல, கொஞ்சங்கூட எறங்கலன்னா எப்புட்றி?"

நான் மெதுவா கதவு பின்னாடி நகந்தேன். அம்மா என்ன ஒரு பார்வ பாத்துச்சு. "ஆமா, தின்னேன். வாய்க்கு வெளங்கல, தின்னேன். இன்னா இப்ப?"ன்னு சொல்லிடுச்சு.

அப்பா அடிப்பாருன்னு பாத்தேன். அவரு அடுப்பு முன்னாடி குந்திட்டாரு. "உனக்கு ஒன்னு ஆச்சுன்னா நானும் பாப்பாவும் இன்னாடி பண்ணுவோம்"னு அழுவுறாரு. கருவாடு தின்னதுக்கு யாராச்சும் அழுவாங்களான்னு எனக்கு ஒரே கொழப்பம். அம்மா அவர் முதுகையே ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்துச்சு.

மறுநாளு அப்பா குளிக்கப் போனதும் நான் வழக்கம் போல உப்போட சட்டிய தொறந்தேன். அம்மா எழுந்து வந்து என் கைய புடிச்சுது. வெரல ஒன்னொன்னா பிரிச்சு, உப்ப கீழ தட்டி வுட்டு, முந்தானையில உள்ளங்கைய தொடச்சி வுட்டுச்சு.

"வேணாம் கண்ணு. இனிமே அப்பா வெக்கற மாதிரியே இருக்கட்டும்."

அப்பாவுக்கு பயந்துக்கினுதான் சொல்லுதுன்னு நெனச்சேன். கோவமா வந்துச்சு.

சாப்பிட ஒக்காந்தோம். அம்மா ஒரு வாய் வச்சிட்டு, "இன்னைக்குதான்யா உனக்கு கைப்பக்குவமே வந்திருக்குது. இன்னும் கொஞ்சம் போடு,"ன்னுச்சு. அப்பா நம்பாம பாத்துட்டு, அப்புறம் சிரிச்சிட்டாரு.

எனக்கு ஒன்னும் வெளங்கல. உப்பு யாரு போட்டாங்க, எப்ப போட்டாங்க? என் தட்டுல இருந்தத நக்கிப் பாத்தேன், சப்புன்னு இருக்குது. ஒருவேள அம்மா தட்டுல மட்டும் போட்டிருப்பாங்களோன்னு அதுலேர்ந்து ஒரு வாய் எடுத்து தின்னு பாத்தேன்.

அதுலயும் உப்பு இல்ல.