நல்ல பனி

வாரத்துக்கொரு நாள் காலையில் தொலைக்காட்சியில் வந்து, ரோஜாவை எப்போது வெட்டிவிடுவது, மொட்டைமாடியில் கத்தரி எப்படி வைப்பது என்று வாய் ஓயாமல் பேசுகிறவள் நான். நாலு புத்தகமும் எழுதியாயிற்று. கடைவீதியில் போனால், "நீங்கதானே அந்தச் செடியம்மா?" என்று யாராவது நிறுத்திவிடுவார்கள். பெருமையாகத்தான் இருக்கும், இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் கூடவே இன்னொரு கேள்வி வரும்: இதெல்லாம் யார்கிட்ட கத்துக்கிட்டீங்க? அங்கேதான் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். யாரும் சொல்லித்தராமல் நானாகவே கற்றுக்கொண்டேன் என்று முதல் புத்தகத்தின் முன்னுரையில் கூசாமல் எழுதியிருக்கிறேன். பச்சைப் பொய். என் அப்பா ஒரு பங்களாவில் தோட்டக்காரர். அதை அச்சில் போட வெட்கமாக இருந்தது, வேறொன்றும் இல்லை. அந்த வெட்கம் எனக்குப் பத்து வயதிலேயே வந்துவிட்டது. அது என்னைச் செய்யவைத்த காரியத்தைச் சொல்கிறேன். படித்துவிட்டுத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம்.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் ஓர் அறையும் ஓர் அடுப்படியும் எங்களுக்கு. அம்மா கொழுந்து எடுக்கப் போவாள். தேயிலை மலையில் செய்கிற வேலையைக் காட்டு வேலை என்பார்கள். அப்பாவும் முன்பு காட்டு வேலைக்குப் போனவர்தான். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும்போது சரிவில் சறுக்கி விழுந்து இடுப்பு போனபிறகு, அப்போதிருந்த வெள்ளைக்கார மானேஜர் துரையின் மனைவி, துரைசாணி, இரக்கப்பட்டுப் பங்களாப் பூந்தோட்டத்தில் சேர்த்துக்கொண்டார். அந்த வேலை அப்பாவின் இடுப்புக்கு ஒத்துக்கொண்டது. மனசுக்கும்தான். கிளப்பில் வருஷாவருஷம் நடக்கும் பூக்காட்சியில் எங்கள் பங்களா டேலியாவுக்குக் கோப்பை வந்தால், துரைசாணியைவிட அப்பாதான் இரண்டு நாள் தரையில் கால் படாமல் நடப்பார்.

வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் போய்விட, கோட்டயம் பக்கத்திலிருந்து புதுத் துரை வந்தார். புதுத் துரைசாணி நல்ல மாதிரி. என்ன, அவருக்குத் தமிழ் ஒரு சொல் வராது. அப்பாவுக்கு மலையாளம் அரைச் சொல் வராது. நான் டவுனில் கன்வென்டில் மலையாளத்தில் படித்தேன். வகுப்பில் மலையாளத்துக்கு முதல் மார்க் எனக்குத்தான். ஆகவே பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பங்களாவுக்குப் போய் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று அங்கேயுள்ளதை இங்கேயும் இங்கேயுள்ளதை அங்கேயும் சொல்வேன். அப்பா ஒரு வாக்கியம் பேசிவிட்டு, சொல்லு தாயி என்பதுபோல என் முகத்தைப் பார்ப்பார்.

துரையின் மகளும் என் வகுப்புதான். அவளைத் தவிர கன்வென்டில் ஒருத்திக்கும் என் அப்பா யாரென்று தெரியாது. கேட்டவர்களிடம், அப்பாவுக்குத் தோட்டத்தில் வேலை என்று சொல்லிவைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் தோட்டம் என்றால் தேயிலை எஸ்டேட். ஆபீஸ் கிளார்க் என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். நானாகப் பொய் சொல்லவில்லையே என்று எனக்கு ஒரு சமாதானம். எவ்வளவு கெட்டிக்காரி, பாருங்கள்.

ஜனவரியில் துரை மகளுக்குப் பிறந்தநாள் வந்தது. கன்வென்டிலிருந்து ஆறேழு பெண்கள் வந்திருந்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். புல்வெளியில் மேஜை போட்டு, கேக் வெட்டி, எல்லோரும் தட்டும் கையுமாக நின்றோம். பின்னால் பாத்தியில் டேலியா தட்டு அகலத்துக்குப் பூத்து நின்றது. பூக்காட்சிக்கு இன்னும் நாலே நாள். அப்பா காலையிலேயே புல்லைக் கூட்டிவிட்டுப் பங்களாவுக்குப் பின்பக்கம் போனவர், பிறகு முன்பக்கம் தலைகாட்டவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

நாலு மணி வாக்கில் காற்று சுத்தமாக நின்றுவிட்டது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அப்படி வானம் துடைத்துப் போட்டால் விடியும்போது உறைபனி விழும், டேலியாவுக்கு அது எமன். சாயங்காலமே சாக்குப் போட்டு மூடிவிட வேண்டும். மூடினால் பிழைத்துக்கொள்ளும். சாக்கு ஸ்டோரில் இருந்தது. துரைசாணி சீட்டு எழுதிக்கொடுத்தால்தான் ஸ்டோர்க்காரர் எடுத்துக்கொடுப்பார். ஐந்து மணிக்கு ஸ்டோரைப் பூட்டிவிடுவார்கள். வேறு வழியில்லாமல்தான் அப்பா அன்றைக்கு முன்பக்கம் வந்தார். முழங்கால்வரை சேறு. தலைக்கட்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு புல்வெளி ஓரத்தில் நின்றார்.

என்னைக் கூப்பிடவில்லை. தானே சொல்லிப் பார்த்தார். "அம்மா, இன்னைக்குப் பனிம்மா. நல்ல பனி. சாக்கு வேணும்."

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். விழுகிற பனிக்கு அவர்கள் மஞ்ஞு என்பார்கள். துரைசாணிக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. பாவம், இந்த மனுஷனுக்கு நல்ல காய்ச்சல் என்றுதான் காதில் விழுந்தது. இடுப்பில் கைக்குழந்தை இருந்தது. குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். "அய்யோ, எந்நால் போயி கிடந்நோ. நாளெ வரண்டா" என்றார். போய்ப் படுத்துக்கொள், நாளைக்கு வராதே. அவர் சொன்னது கரிசனம். அப்பாவுக்குப் புரிந்தது கடைசி இரண்டு சொல் மட்டும்தான். விருந்து நடுவே சேற்றுக்காலோடு வந்து நின்றதற்காக, இனி வேலைக்கு வராதே என்கிறார் என்று நினைத்துவிட்டார். முகம் செத்துப்போயிற்று.

"பனிக்குச் சாக்கோ?" என்று ஒருத்தி சொல்ல, பெண்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அப்பா என்னைப் பார்த்தார். தினமும் பார்க்கிற அதே பார்வை. இரண்டு பேரும் சொன்னது புரிந்தவள் அந்தப் புல்வெளியில் நான் ஒருத்திதான். மஞ்ஞு என்று ஒரே ஒரு சொல், அது என் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால், இவரோடு உனக்கென்ன பேச்சு என்று கேட்பார்களே! பக்கத்தில் நின்றவள் வாயில் கேக்கோடு, "ஆரா அது?" என்று என்னிடம் கேட்டாள்.

"தோட்டக்காரன்" என்றேன்.

தோட்டக்காரர் என்றுகூட இல்லை. எட்டடி தூரத்தில் நின்றார் அப்பா. அந்தச் சொல் தமிழிலும் அதுதான், மலையாளத்திலும் அதுதான். துரை மகள் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தன் தட்டைப் பார்த்துக்கொண்டாள். அப்பா தலைக்கட்டைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். நான் இன்னொரு துண்டு கேக் வாங்கிக்கொண்டேன். வெட்கக்கேடு, அது ருசியாகவும் இருந்தது.

வீட்டுக்குப் போனபோது, வேலை போய்விட்டது என்று அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நான் என்ன தாயி தப்பாச் சொன்னேன்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஸ்டோர் பூட்டியிருந்தால் என்ன, ஓடிப்போய்த் துரைசாணியிடம் சொன்னால் திறக்கச் சொல்லியிருப்பார். "எனக்குக் கேக்கலப்பா" என்றேன். அவர் திரும்பக் கேட்கவில்லை.

விடிந்ததும் அப்பா லயத்துக்கு மேலே உள்ள வளைவில் போய் நின்றார். அங்கிருந்து பார்த்தால் பங்களாத் தோட்டம் தெரியும். புல்லெல்லாம் வெள்ளை. வெயில் ஏறியதும் டேலியா மொத்தமும் கொதிநீர் ஊற்றியதுபோல் கறுத்துத் தொங்கிற்று. வெகுநேரம் நின்றுவிட்டு இறங்கி வந்து, ஒன்றும் தின்னாமல் படுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் பங்களா ஜீப் டிரைவர் லயத்துக்கு வந்தார். "என்னண்ணே, காய்ச்சல் விட்டுச்சா? துரைசாணி கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"எனக்கேதுப்பா காய்ச்சல்?" என்றார் அப்பா.

டிரைவருக்கு இரண்டு பாஷையும் தெரியும். அப்பா சொன்னதையும் துரைசாணி சொன்னதையும் கேட்டுவிட்டுத் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். விஷயம் தெரிந்து லயமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் படியில் உட்கார்ந்து மலையாளப் பாடப்புத்தகத்தைத்தான் விரித்து வைத்திருந்தேன். தலையைப் புத்தகத்துக்குள் விட்டுக்கொண்டேன்.

"பூ போனாப் போகுது, நாளையிலருந்து வாங்கண்ணே" என்றார் டிரைவர்.

"இல்ல தம்பி. நான் காட்டு வேலைக்குப் பேரு குடுத்துட்டேன்."

எங்கேயும் பேர் கொடுக்கவில்லை. மறுநாள் காலையில்தான் போய்க் கொடுத்தார். "இந்த இடுப்ப வச்சுக்கிட்டு மலை ஏறப்போறீங்களாக்கும்? கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று அம்மா போட்ட சத்தம் நாலு லயத்துக்குக் கேட்டது. துரைசாணி மறுபடி இரண்டு தடவை ஆள் அனுப்பினார். அப்பா போகவில்லை. அவ்வளவு உதவி செய்தும் நன்றியில்லாத மனுஷன் என்று அவர் வருத்தப்பட்டதாகக் கேள்வி.

எனக்கா? அப்பாடா என்றிருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. டேலியா போன கோபத்தில் வீம்பு பிடிக்கிறார் என்று நினைத்தேன். வயதாகி வேலையிலிருந்து நிற்கும்வரை அவர் அந்தச் சரிவுகளில் கவாத்துக் கத்தியோடு ஏறி இறங்கினார். சாயங்காலத்தில் அம்மா தவிட்டை வறுத்து அவர் இடுப்புக்கு ஒத்தடம் கொடுப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். வீம்புக்குப் பட்டால்தான் புத்தி வரும் என்றுகூட ஒரு நாள் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்பா என்னிடம் அதைப்பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. என் நிகழ்ச்சிகளைப் பார்த்துவிட்டு, நல்லாயிருக்கு தாயி என்று மட்டும் சொல்வார். அவருடைய கருமாதி முடிந்து உறவுக்காரர்களெல்லாம் போனபிறகு, அம்மாவும் நானும் உட்கார்ந்திருந்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை. நாலு டேலியாவுக்காக அந்த வேலையை விட்டுவிட்டு இடுப்பைக் கெடுத்துக்கொண்டாரே, என்ன வீம்பு என்றேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "டேலியாவாவது ஒண்ணாவது" என்றாள். "ஜீப்பு டிரைவர் வந்துட்டுப் போன அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிட்டாருடி. புள்ளைக்கு அந்தப் பங்களா ஒண்ணுலதான் கூட்டாளிங்க இருக்கு. நான் அங்க சேத்துக்காலோட நின்னா அது தலை குனிஞ்சு நிக்குது. நான் காட்டுக்குப் போயிட்டா அது பாட்டுக்குப் போயி வெளையாடும்னாரு."

அப்பா சொன்னபடியேதான் நடந்தது. அவர் காட்டு வேலைக்குப் போன அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பங்களாவுக்குப் போய் விளையாடினேன்.