கமலநாதன் வாங்கிய திட்டு

ஜொகூரில், மாசாய் வட்டாரத்தில் பழைய நீச்சல் குளத்துக்குப் புதுப் பூச்சு போட வேண்டுமென்றால் ஒரு காலத்தில் கமலநாதனைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டு வருத்தப்படவும் செய்வார்கள். பூச்சு பளிங்கு மாதிரி இருக்கும். அவருடைய வாயைத்தான் தாங்க முடியாது. ஈரப் பூச்சின் மேல் ஓர் இலை விழுந்தால் போதும், அந்த மரத்தை நட்டவரின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார். அவரிடம் அதிகமாக வாங்கிக் கட்டிக்கொண்டது கலவை போட்டுக்கொடுத்த மனைவி பிரேமலாதான். கலவை கொஞ்சம் இறுகிவிட்டால் பெண்டாட்டி என்றெல்லாம் பார்க்க மாட்டார்.

அப்படிப்பட்ட மனிதரை முழங்கால் சாய்த்துவிட்டது. காலமெல்லாம் குந்தி உட்கார்ந்து தரை தேய்த்த கால்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடக்க முடிந்தது, குந்த முடியவில்லை. பிரேமலா கரணையைக் கையில் எடுத்தாள். பக்கத்திலேயே இருந்து பார்த்தவள், கைவேலையும் சுத்தம். வேலை நிற்கவில்லை. கமலநாதன்தான் நின்றுபோனார்.

அதைவிடக் கொடுமை, எல்லாரும் அவரிடம் நல்லவர்களாக மாறிவிட்டார்கள். கூட வேலை செய்யும் தீபன், "உக்காருங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்" என்பான். பிரேமலாவும் குரலை உயர்த்துவதே இல்லை. ஒருநாள் சோறு வடிக்கிறேன் என்று பானையோடு கவிழ்த்துவிட்டார். "பரவால்லைங்க, நீங்க போய்ப் படுங்க" என்றாள். நோயாளியிடம் பேசுகிற குரல். அதைக் கேட்கும்போதெல்லாம், இனி நாம் எதற்கும் உதவமாட்டோம் போலிருக்கிறது என்று அவருக்குத் தோன்றும். வேலைத்தளத்தில் எனக்கு ஏதாவது இடம் உண்டா என்று மனைவியிடம் கேட்க வாய் வரவில்லை. ஊரையே திட்டிய வாய்!

சிகாமட்டில் உணவகம் நடத்தும் ஹபீபா வீட்டுக் குளம் வேலைக்கு வந்தது. அடித்தளம் சொரசொரத்துப்போய்ப் பேரப்பிள்ளைகளின் பாதங்களைக் கீறிக்கொண்டிருந்தது. பழைய பூச்சைக் கொத்தி எடுத்தாயிற்று, அன்று புதுப்பூச்சு. கமலநாதன் தானும் வருவதாகச் சொன்னார்.

"வாங்களேன், சும்மா காத்தாட உக்காந்திருக்கலாம்" என்றாள் பிரேமலா. அந்தச் 'சும்மா' அவருக்குச் சுருக்கென்றது.

வெள்ளைச் சிமெண்டும் சலவைக்கல் தூளும் கலந்த பூச்சு அது. தொடங்கினால் இடையில் நிறுத்தக் கூடாது. தீபன் மேலே இயந்திரத்தில் கலக்கிக் கொடுக்க, ஈரத்தில் தடம் பதியாதபடி அடியில் ஆணி வைத்த செருப்போடு பிரேமலா தேய்த்துக்கொண்டே பின்வாங்கினாள். அவளுக்கு முன்னால் நீண்ட சுவடில்லாத வெண்மையைப் பார்த்து ஹபீபா, "மாஷா அல்லாஹ், என்ன கை இது!" என்றார். அவராவது இறைவன் பெயரைச் சொல்லிவிட்டுப் புகழ்ந்தார். வேலிக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டுக்காரர்கள் வெறுமனே வாயைப் பிளந்துகொண்டு கைப்பேசியில் படம் பிடித்தார்கள். கமலநாதனுக்குப் பகீரென்றது. இத்தனை கண்ணும் இவள் மேல்தானே விழும்!

வேலை முடிந்ததும் வாசலில் எலுமிச்சம்பழம் சுற்றி எறிவது அவருடைய வழக்கம். அன்று முடியும்வரை பொறுக்கவில்லை. தன்னால் ஆகக்கூடிய ஒரே காரியம் இதுதான் என்றும் தோன்றியிருக்க வேண்டும். குளத்தின் விளிம்பில் நின்று, குனிந்திருந்த மனைவியை நோக்கிப் பழத்தைச் சுற்றினார். அறுத்தார், குங்குமம் தடவினார். பக்கத்துக்கு ஒன்றாக வீசப்போன நேரத்தில் முழங்கால் மடங்கியது. பழத்தின் ஒரு பாதி கை நழுவி, ஈரப் பூச்சில் விழுந்து, சரிவெல்லாம் சிவப்புக் கோடிழுத்துக்கொண்டே ஆழத்துக்கு உருண்டது.

"அலமாக்!" என்று தலையில் கைவைத்தான் தீபன்.

பிரேமலா நிமிர்ந்து பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள்.

"அறிவிருக்கா உங்களுக்கு? ஈரப் பூச்சு மேல யாராச்சும் குங்குமத்தக் கொட்டுவாங்களா? புளிப்பு சிமெண்டத் தின்னுடும்னு எனக்குச் சொன்னதே நீங்கதானே! இத்தன வருசம் வேல பாத்த மனுசனுக்கு மூள எங்க போச்சு?"

அவர் பதறிப்போய்ப் படியில் காலை வைத்தார்.

"எறங்குனீங்க, நடக்குறதே வேற! தீபா, நீ மெஷின விட்டுட்டு உள்ள வா. ஏங்க, மரம் மாதிரி நிக்காதீங்க, கலவயப் போடுங்க. பூசுனதோட நெறம் ஒத்து வரணும். கட்டியா இருந்துச்சு, உங்க தலையிலயே கொட்டுவேன்!"

வேலிக்கு அப்பால் கைப்பேசிகள் மெல்லக் கீழிறங்கின. கமலநாதன் இயந்திரத்தைப் பிடித்தார். சிவந்த இடங்களைப் பிரேமலா ஈரத்தோடு ஈரமாகச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் அனுப்பிய முதல் கலவையைத் தொட்டுப் பார்த்து, "தண்ணியா இருக்கு லா, மாத்துங்க!" என்று திருப்பியனுப்பினாள். மறுபடியும் கலந்தார். அதை அவள் வாங்கிப் பூசினாள். மதியத்துக்குள் சிவப்பு எங்கே ஓடியது என்று தேடினாலும் தெரியவில்லை. அதன் பிறகும் கலவைக்காகத் தீபனை அவள் மேலே அனுப்பவில்லை.

வேலை முடிந்ததும் தீபன் ஏறி வந்தான். கமலநாதன் வாளி கழுவிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் கண்ணீர்.

"மனசுல வச்சுக்காதீங்கண்ணே. அக்கா ஏதோ டென்ஷன்ல கத்திட்டாங்க."

"போடா" என்றார் கமலநாதன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "நோயாளிய யாராச்சும் இப்படித் திட்டுவாங்களாடா? என்னமா திட்டுறா பாத்தியா!" அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அங்க என்ன பேச்சு?" குளத்துக்குள்ளிருந்து பிரேமலாவின் குரல் வந்தது. "காலையில தண்ணி விடணும். ஹபீபாக்காகிட்டக் குழாய் இருக்கான்னு கேட்டீங்களா, இல்லையா?"

"இதோ போறேன்" என்று கமலநாதன் காலை இழுத்துக்கொண்டே ஓடினார். மெதுவாகப் போங்கள் என்று அவள் சொல்லவில்லை.