மொன்ஷாரின் மூக்கு

ஃபெலிசியன் மொன்ஷார் ஒரு ஒயினை நல்ல ஒயின் என்று சொல்லி அந்தப் பக்கத்தில் யாரும் கேட்டதில்லை. பர்கண்டியின் மலைச்சரிவுக் கிராமங்களில் அவர் ஒயின் தரகர். விவசாயிகளின் நிலவறைக்குள் இறங்கி, பீப்பாயிலிருந்து எடுத்துச் சுவைத்து, எது தேறும், எது தேறாது என்று நகரத்து வியாபாரிகளுக்குச் சொல்வது தொழில். தேறும் என்று முடிவு செய்த ஒயினைக்கூட விவசாயியின் முகத்துக்கு நேரே பழித்துவிட்டுத்தான் வெளியே வருவார். பாராட்டினால் விலை ஏறிவிடுமாம். பாராட்டத் தெரியாது என்பதுதான் நிஜம்.

அதற்கென்றே ஒரு வாக்கியம் வைத்திருந்தார்: "இதுல கமே வாசனை வருதே." அங்கே சிவப்பு ஒயின் என்றால் பினோ நுவார் திராட்சைதான். மெல்லிய தோல், பனி விழுந்தால் கருகும், மழை நின்று பெய்தால் அழுகும், வீட்டுக்கு வந்த சம்பந்தியைப் போலத் தாங்க வேண்டும். கமே திராட்சை அப்படியில்லை, எதையும் பொறுத்துக்கொண்டு தாராளமாகக் காய்க்கும். தெற்கே போனால் அதற்கு நல்ல பேர்கூட உண்டு. ஆனால் இந்தச் சரிவில் ஒருவருடைய பினோவை முகர்ந்து கமே வாசனை என்பது, தொட்டில் குழந்தையைப் பார்த்து அப்பன் ஜாடையே இல்லையே என்பதற்குச் சமம். மொன்ஷார் அதைக் காலை வணக்கம் போலச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரு குளிர்காலக் காய்ச்சலில் மூக்கு போயிற்று. முகத்தில் இருந்தது, பெரிதாகவே இருந்தது, மணம்தான் தெரியவில்லை. காய்ச்சல் விட்ட காலையில் எப்வாஸ் பாலாடைக்கட்டி டப்பாவைத் திறந்தார். தெருக்கோடி நாயைக்கூட எழுப்பிவிடும் கட்டி அது. ஒன்றும் வரவில்லை. மூக்கோடு ஒட்ட வைத்து இழுத்தார். ஈரம்தான் ஒட்டியது. அப்படியே மேசையில் உட்கார்ந்து அழுதார். டாக்டரும் கையை விரித்துவிட்டார். மணம் தெரியாத தரகரை எந்த வியாபாரி வைத்துக்கொள்வான்? வெளியே தெரிந்தால் பிழைப்பு அன்றோடு சரி.

அதனால் முன்பு செய்ததையே செய்தார். கோப்பையைச் சுழற்றினார், மூக்கை நுழைத்தார், கண்ணை மூடினார், துப்பினார், கமே வாசனை என்றார். விவசாயிகள் வழக்கம்போல முகம் சிவந்தார்கள். புளிப்பும் துவர்ப்பும் நாக்குக்குத் தெரிந்ததால், மற்றதை அந்தந்த விவசாயியின் பழைய பேரை வைத்து ஒப்பேற்றினார். இரண்டு அறுவடை இப்படியே ஓடியது. எதையும் மட்டம் தட்டுகிற ஆளுக்கு இருக்கிற வசதி வேறு யாருக்கும் இல்லை.

அடுத்த வசந்தத்தில் ஓடெட் பெர்த்துனேயின் நிலவறைக்கு வந்தார். புருஷன் போன பிறகு தனியாளாகத் தோட்டத்தைக் காப்பாற்றி வருபவள் அவள். ஐயா என்கிற மரியாதையோடு 'முசியே' என்றே கூப்பிட்டு, இத்தனை வருஷமாக அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வராதா என்று காத்திருந்தாள். அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் கொடுக்கவில்லை.

"என்ன முசியே, படியிறங்கும்போதே மூஞ்சிய சுளிக்கிறீங்க? இன்னும் வாயில வைக்கவே இல்லையே!"

"உன் ஒயினுக்கு முன்கூட்டியே பழகிக்கறேன் ஓடெட்."

மேலே டெலிபோன் அடித்தது. அவள் ஓடினாள். மூலையில் தனியாக ஒரு பீப்பாய். அதன்மேல் சாக்பீஸால் ஒரு சிலுவை. வேறு ஆளுக்கென்று ஒதுக்கிய பீப்பாய்க்கும் அங்கே அப்படிக் குறி போடுவதுண்டு. 'கள்ளி, எவனோ சுவிஸ் வியாபாரிக்கு ஒளிச்சு வெச்சிருக்கா' என்று நினைத்தார் மொன்ஷார். நீளக் கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டு உறிஞ்சி, கோப்பையில் ஊற்றிக் குடித்தார். நாக்கில் வழவழப்பு, அளவான துவர்ப்பு. பேராசை பிடித்துக்கொண்டது. இதைத் தட்டிப் பறிக்க ஒரு பாராட்டைச் செலவழித்தாலும் தப்பில்லை.

அவள் இறங்கி வந்ததும் கோப்பையை விளக்குக்கு நேரே உயர்த்தினார்.

"இதுதான்மா பினோ! செர்ரிப்பழம், மழையில நனைஞ்ச மண்ணு, அடேயப்பா! தொப்பிய கழட்டுறேன் ஓடெட். இதை எனக்கே குடுத்துடு."

ஓடெட் அவரையும் பீப்பாயையும் மாறி மாறிப் பார்த்தாள். குளிர்காலத்தில் கெட்டுப்போன பீப்பாய் அது. குதிரைக் கொட்டடி நாற்றம் அறையையே தூக்கியது. பூனைகூட அந்த மூலைக்குப் போவதை விட்டிருந்தது. சாராயம் காய்ச்சுகிற இடத்துக்கு அனுப்பத்தான் சிலுவை போட்டு வைத்திருந்தாள்.

கோப்பையை அவர் கையிலிருந்து வாங்கினாள். வாயிலிருப்பதைத் துப்பலாம், ஆனால் கோப்பையில் மிஞ்சியதை எடுத்த பீப்பாயிலேயே திரும்ப ஊற்றுவதுதான் அங்கே வழக்கம். கெட்டுப்போனதைத் தவிர எதையும் தரையில் கொட்ட மாட்டார்கள். ஓடெட் அதை மெதுவாக, மொன்ஷாரின் காலணிக்குப் பக்கத்தில் கொட்டினாள்.

அவர் தரையைப் பார்த்தார். பிறகு சிலுவையைப் பார்த்தார்.

"எப்போ போச்சு?" என்றாள்.

"எது?"

"மூக்கு."

படியில் பொத்தென்று உட்கார்ந்தார். "ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. யார்கிட்டயும் சொல்லிடாதம்மா, உன்னைக் கெஞ்சிக் கேக்குறேன்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நான் சொன்னா யாரு நம்புவா? மூக்கு இருந்தப்பவும் அதைத்தான் சொன்னீங்க, போனப்புறமும் அதையேதான் சொன்னீங்க. எங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியலையே முசியே!"

பாலாடைக்கட்டி டப்பாவைத் திறந்த காலையில்கூட அவருக்கு இப்படி வலிக்கவில்லை.

ஓடெட் சுவரோரத்துப் பீப்பாய்க்குப் போனாள். அவளுடைய ஆக நல்ல பினோ அதில்தான் இருந்தது. கொஞ்சம் எடுத்து, சுழற்றி, கண்ணை மூடி முகர்ந்தாள். முகம் மெல்ல மலர்ந்தது. மொன்ஷார் அந்த முகத்தையே பசியோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு ஓடெட்? என்ன மணம் வருது? சொல்லேன்."

அவள் அவசரப்படவில்லை. இன்னொரு முறை ஆழமாக முகர்ந்தாள், ஒரு வாய் குடித்தாள், அவரைப் பார்த்தாள்.

"கமே வாசனை வருது முசியே."

மிஞ்சியதைத் துளி சிந்தாமல் பீப்பாயிலேயே ஊற்றி, அடைப்பைத் தட்டி மூடினாள்.