பட்டியலில் ஏறாத பெயர்

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பால்குடம் எடுப்போருக்கென ஒரு பட்டியல் உண்டு. திருவிழாவுக்கு ஒன்பது நாள் முன்பு, காப்புக் கட்டும் காலையில், அது சன்னிதி முன் உரக்கப் படிக்கப்படும். பெயர் படிக்கப்பட்டவர் மட்டுமே பூசாரியிடம் கை நீட்டலாம். கடைசிக் கையில் மஞ்சள் கயிறு ஏறிய பிறகு, யார் வந்து கேட்டாலும் புதிய பெயர் சேர்ப்பதில்லை. அப்பட்டியலை எழுதுபவன் நான். தேயிலை நிறுவையில் கணக்கெழுதும் கிராணியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கோயில் குழுவின் செயலாளன்.

இவ்வாண்டு ஒரு நேபாளத் தொழிலாளி என் வீட்டுக்கு வந்தார். எட்டு ஆண்டுகளாக இம்மலையில் கொழுந்து வெட்டுகிறவர். இப்போது கையால் கிள்ளுவது குறைந்துவிட்டது. வெட்டும் பொறியை இருவர் பிடித்துக்கொண்டு, செடி வரிசையின் இரு பக்கமும் ஒரே சீராக நடக்க வேண்டும். ஒருவர் அடி பிசகினால் மற்றவரும் சாய்வார். இவருக்கு இணையாக நடப்பவர் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் தமிழர், கோயில் குழுவிலும் இருப்பவர். சென்ற மழைக்காலத்தில் அந்த இணை சரிவில் வழுக்கிக் கால் முறிந்து, தானா ராத்தா மருத்துவமனையில் கிடந்தார். அவர் மீண்டும் மலையேறினால் தாம் பால்குடம் எடுப்பதாக நேபாளத்தவர் எங்கள் அம்மனிடம் வேண்டிக்கொண்டாராம். இணை மலையேறி மூன்று மாதமாகிறது.

“அடுத்த வருஷம் நான் இல்ல ஐயா. பெர்மிட் ஹபிஸ் ஆவுது, முடியுது. இந்த வருஷம் பால் தூக்கலாமா?” என்று கேட்டார்.

விண்ணப்பத்தை நானே எழுதி, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் படித்தேன். குழுவில் நாங்கள் எழுவர். படித்து முடித்ததும், திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றும் லாரிக்காரர் தொண்டையைச் செருமினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க, கேக்கறேன். இன்னிக்கு இவன் ஒருத்தன் வருவான். அடுத்த வருஷம் அவனுங்க தங்குற கொங்சி வீட்டுலேருந்து கூட்டமா வந்து நின்னா என்னா செய்றது?”

அது கேள்வி. அதற்கு மறுமொழி சொல்லியிருக்கலாம். ஒருவர் தம் கால் கட்டைவிரலைப் பார்த்தார், ஒருவர் கூரையைப் பார்த்தார். இணையோ தம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். தலைவர், பழைய கங்காணி, எங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“யாருக்கும் இஷ்டமில்ல போல. சரி, வேணாம்னு எழுதிக்கிங்க கிராணி.”

‘விண்ணப்பம் ஒருமனதாக மறுக்கப்பட்டது’ என்று எழுதினேன். பிழையற்ற, செப்பமான வரி. ஒருவர் கேள்வி கேட்டார், அறுவரில் எவரும் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. இதிலிருந்து எழுவரின் முடிவு ஒன்றை என் எழுதுகோல் உண்டாக்கிவிட்டது.

மனம் ஆறவில்லை. மறுநாள் திரிங்காப்புக்குப் போனேன். லாரிக்காரர் முட்டைக்கோஸ் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“ஐயோ, நான் சும்மா கேட்டேன்லா!” என்றார். “யாராச்சும் ‘அதெல்லாம் ஒண்ணும் ஆவாது, போடா’ன்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன். எல்லாரும் கம்முன்னு ஒக்காந்திருந்தீங்க. சரி, எல்லாருக்கும் அதான் நெனப்புன்னு விட்டுட்டேன்.”

அடுத்துத் தலைவரிடம் போனேன். “எனக்கு என்னா கிராணி, தாராளமா எடுக்கட்டும். லயத்து ஜனங்கதான் ஒத்துக்க மாட்டாங்க.”

“லயத்தில் யார்?”

நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் எண்ணிப் பார்த்தார். ஒரு பெயரும் அகப்படவில்லை. “பொதுவா சொல்றேன்,” என்று முடித்துவிட்டார்.

அதன்பின் இணையைக் கண்டேன். அவர் மீதுதான் எனக்குச் சினம் மிகுதி. அவர் சொன்னதைக் கேட்டபின் அச்சினத்தை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

“எனக்காக வேண்டுனதுய்யா அது. நானே எந்திரிச்சிப் பேசுனா, கூட்டாளிக்குப் பரிஞ்சிக்கிட்டு வரான்னு சொல்ல மாட்டாங்களா? வேற யாராச்சும் ஆரம்பிச்சா நான் கூட நின்னிருப்பேன்.”

பேசுவதற்கு எவரினும் உரிமை மிக்கவர், அவ்வுரிமையையே தடையாகக் கருதி அமர்ந்திருந்தார்!

எஞ்சியோரையும் கேட்டேன். எங்களிடம் வெறுப்பே இல்லையென்று எழுத மாட்டேன். ‘அவனுங்க’ என்ற சொல் எங்கள் நாவில் வெகு எளிதாக வருகிறது. கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள் என்று மேடையில் முழங்கிவிட்டு, இறங்கியதும் அச்சொல்லைச் சொல்கிறோம். ஆயினும் இந்த ஒரு மனிதர் குடம் எடுப்பதில் எவருக்கும் மனத்தடை இல்லை. தன்னிடம் துளியளவே உள்ள ஒன்று பிறரிடம் மலையளவு இருக்குமென்று ஒவ்வொருவரும் நம்பினர். அந்த இல்லாத மலைக்கு அஞ்சினர். ஊர்க்கட்டுப்பாடு, பொது ஒழுக்கம் என்றெல்லாம் நாம் பெயரிட்டுப் போற்றுவனவற்றில் எத்தனை இவ்வாறு உருவானவையோ!

காப்புக் கட்டுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. முடிவை மாற்றிவிடலாமென்று நம்பி, மறுத்த செய்தியை நேபாளத்தவரிடம் நான் சொல்லவில்லை. ஒவ்வொருவரிடமும், அன்று காலை பட்டியல் படிக்குமுன் வாய் திறக்கும்படி கேட்டேன். எல்லாரும் தலையசைத்தனர். “நீங்க கவலப்படாதீங்க ஐயா,” என்றார் லாரிக்காரர்.

அன்று காலை வழக்கப்படி தலைவர் கேட்டார்: “பட்டியல்ல சேக்கறது, எடுக்கறது ஏதாச்சும் இருக்கா?”

நான் இணையைப் பார்த்தேன். இணை தலைவரைப் பார்த்தார். தலைவர் என்னைப் பார்த்தார். லாரிக்காரர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழுவின் முடிவைச் செயலாளனே மறுத்துப் பேசுவது முறையாகாது என்று அந்நொடியில் எனக்குத் தோன்றியது. முறை என்று நான் பெயர் சூட்டிய அது வெறும் அச்சம். இத்தனை நாள் வீடு வீடாக அலைந்து பிறரைக் கேள்வி கேட்ட எனக்கும், முதற்குரல் இன்னொருவருடையதாக இருக்க வேண்டியிருந்தது.

“நேரமாவுது, படிங்க,” என்றார் பூசாரி.

படித்தேன். இணையின் பெயரும் பட்டியலில் இருந்தது. கால் குணமானதற்கு நன்றியாக அவரும் குடம் எடுக்கிறார். கை நீட்டினார், கயிறு ஏறியது.

நேபாளத்தவர் கால் கழுவும் குழாயருகே ஈரத் தலையோடு நின்றிருந்தார். இசைவு கிடைத்துவிடுமென்று ஒரு வாரமாகப் புலால் விட்டிருந்தாராம். கடைசிப் பெயர்வரை கேட்டுவிட்டு என்னருகே வந்தார்.

“பேரு இல்லியா ஐயா?”

“இல்லை.”

“யாரு வேணாம் சொன்னது?”

“கமிட்டி.”

“கமிட்டில எந்த ஆளு? சொல்லுங்க, நான் போயி அவருகிட்ட பேசறேன். கோபம் இல்ல. சும்மா பேசறேன்.”

அவருடைய முகத்தில் உண்மையாகவே கோபம் இல்லை. ஓர் ஆளைக் காட்டினால் போதும், நேரே சென்று தம் வேண்டுதலை விளக்கிவிடலாமென்று நினைத்தார். நான் அங்கே நின்ற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். சுட்டிக்காட்ட ஒருவரும் இல்லை. இன்னாரென்று ஒருவர் மறுத்திருந்தால் அவரோடு வாதிட்டிருக்கலாம், கெஞ்சியிருக்கலாம், சண்டையாவது போட்டிருக்கலாம். ஒருவரும் செய்யாத மறுப்பை எவரிடம் சென்று முறையிடுவது? “அப்படியொரு ஆள் இல்லை” என்றேன். நான் மறைக்கிறேனென்று அவர் நினைத்திருக்க வேண்டும். தலையை மட்டும் ஆட்டினார்.

திருவிழாவன்று அவர் தேயிலை ஆலையில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். குட ஊர்வலம் ஆலை வாசலைக் கடந்தபோது வெளியே வந்து, தூசு படிந்த கைகளைக் கூப்பி நின்றார். பால்குடம் சுமப்பவர் தலையைத் திருப்பலாகாது. இணை திரும்பாமல் நடந்தார். அவ்விதி அன்று அவருக்கு எவ்வளவு உதவியாக இருந்ததென்று எண்ணும்போதே நெஞ்சு கொதிக்கிறது.

நேபாளத்தவருக்கு இங்கே இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. வழியில் கண்டால் வணக்கம் சொல்கிறார். முன்போல் நிற்பதில்லை.